மாமியும் இல்லை, வீடும் இல்லையென்றால் அவள் இனி ஏன் வருவாள்?

கேள்வி

எனக்கு வயது 46. கொக்குவிலில் இருக்கிறேன். எங்கள் வளவுக்கும் என் தோழியின் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நாங்கள் போய்வருவதற்கென்றே அதில் ஒரு பொட்டு இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தோம். 1995 இடப்பெயர்வில் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் கொடிகாமம் போய்ச் சேர்ந்தோம். 2001இல் அவள் கலியாணமாகிக் கனடா போனாள். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். முதலில் கடிதம் போட்டோம், பிறகு தொலைபேசி, பிறகு வட்ஸ்அப். சண்டை முடிந்த பிறகு நாலு தடவை வந்துபோயிருக்கிறாள்.

அவளுடைய அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமா போன பிறகு மாமி தனியாகத்தான் இருந்தார். கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, கடைசி மாதங்களில் குளிக்க வார்ப்பது எல்லாம் நான்தான். சென்ற ஆவணியில் மாமி மோசம் போய்விட்டார். அப்போது தோழியின் கணவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவளால் வர முடியவில்லை. செத்தவீடு முழுவதையும் நான்தான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்று அவளுக்குக் காட்டினேன். அந்தியேட்டி முடிந்த கையோடு எனக்கென்று ஒரு லட்சம் ரூபாய் அனுப்பினாள். நான் என்ன சம்பளத்துக்கா பார்த்தேன்? அவளுடைய சித்தப்பாவிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டேன். நினைவுமலராகக் கல்வெட்டு அடித்தார்கள். அதில் எத்தனையோ பேருடைய பெயர் இருந்தது, என் பெயர் இல்லை.

இப்போது அவள் எடுப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. நான் ஏதாவது அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். தையில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். அவளுக்கு ஏன் இன்னொரு கவலை என்று சொல்லவில்லை. வரும் ஆவணியில் ஆட்டைத் திவசத்துக்கு வருகிறாளாம். வீட்டையும் விற்கப்போகிறார்களாம். பத்து நாள்தான் நிற்பார்களாம். என் வீட்டில் தங்கவில்லை, ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார்கள். மாமியைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் தேவைப்பட்டேனா? மாமியும் இல்லை, வீடும் இல்லையென்றால் அவள் இனி யாழ்ப்பாணம் ஏன் வருவாள்? நானாகவே ஒதுங்கிக்கொண்டால் மரியாதையாவது மிஞ்சும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வயது. ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்களோடு எல்லாம் முடிந்துவிடுமா?

— பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி, கொக்குவில்

பதில்

அன்புள்ள சகோதரி,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரு லட்சம் ரூபாய். நீங்கள் எழுதிய வரிசையிலேயே பாருங்கள்: செத்தவீடு, அந்தியேட்டி, பணம், பணத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தது, அதற்குப் பிறகு அவள் எடுப்பது குறைந்தது. அந்தியேட்டி வரை அவள் எடுக்காமல் விட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்கள் இரண்டையும் வேறு வேறு விடயங்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை பக்கத்துப் பக்கத்தில்தான் தெரிகின்றன.

உங்கள் கோபம் நியாயமானது. மாமியை வார்த்து, துடைத்து, சட்டை மாற்றிவிட்ட கைக்கு விலை போட்டதுபோல இருந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தையும் சற்று யோசியுங்கள். தாய் கிடையில் கிடந்தபோது அருகில் இருக்கவில்லை, கண் மூடியபோது இல்லை, வாய்க்கரிசி போடவில்லை. கணவரின் நெஞ்சில் தையல் காயாத நேரத்தில் ரொறன்ரோவில் ஒரு கைபேசித் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அந்தப் பணம் ஒன்றுதான். அதுவும் வேண்டாம் என்று வந்துவிட்டது. அதுகூட நேராக வரவில்லை, சித்தப்பா வழியாக வந்தது. சித்தப்பா அதை எந்த வார்த்தையில் சொன்னார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் குடும்பங்களில் சித்தப்பாமார் ஒரு செய்தியை உள்ளது உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது அபூர்வம்.

அவள் மனதில் இதுதான் ஓடுகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைத்திருப்பது உங்கள் பக்கம் மட்டும்தான். ஆனாலும் 'என்னைத் தேவையில்லை என்று விட்டுவிட்டாள்' என்பது ஒரு விளக்கம் என்றால், 'என் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது' என்பதும் ஒரு விளக்கம். மகள் செய்திருக்க வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். அந்தக் கடனை அவளால் தீர்க்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. கடன்பட்டவர்கள் ஒழுங்கை மாறிப் போவதை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு எதிரில் வருபவர்மேல் வெறுப்பு இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அது மிகச் சாதாரணமானது, ஆனால் அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அவள் அன்றாடம் தாயோடுதான் பேசியிருப்பாள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதான்: மாலையில் தொலைபேசி அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரி அங்கே நிற்பாள், தாய் பேசி முடிந்ததும் 'இந்தா, இவளோடும் ஒரு வார்த்தை பேசு' என்று தொலைபேசி கைமாறும். உங்கள் நட்பில் எவ்வளவு பங்கு மாமியின் தொலைபேசியில் நடந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றுதான் ஊகிக்கிறேன். அந்த இலக்கத்துக்கு இனி அழைப்பு வராது. உங்கள் இருவருக்குமென்று தனியாக ஒரு நேரம் எப்போதாவது இருந்ததா? இல்லையென்றால், எடுப்பது குறைந்தது அவளுடைய மனமாற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேசுவதற்கான வழி அடைபட்டுவிட்டது, புதிதாக ஒன்றை இருவரில் யாரும் வெட்டவில்லை.

இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் கேட்காத விடயம்தான், ஆனாலும் சொல்கிறேன். மாமி மோசம் போனதற்கு யாராவது உங்களிடம் துக்கம் விசாரித்தார்களா? உறவுக்காரருக்கு 31 நாள் துடக்கு. கோயிலுக்குப் போகவில்லை, நல்லது கெட்டதுக்குப் போகவில்லை. அதனால் அவர்கள் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. உங்களுக்குத் துடக்கு இல்லை. அடுத்த நாள் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வழமைபோல இருந்திருப்பீர்கள். மரண அறிவித்தலில் கனடா, ஜேர்மனி, சுவிஸ் என்று பெறாமக்கள் மருமக்கள் எல்லாரும் வரிசையாக வந்திருப்பார்கள். கஞ்சி பருக்கியவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. செத்தவீட்டிலும் உங்கள் இரண்டு கையும் தொலைபேசியில். படம் ஆடக்கூடாது, ஐயரின் குரல் கேட்க வேண்டும், தோழிக்கு முகம் தெரிய வேண்டும் என்று நின்றிருப்பீர்கள். மயானத்துக்குப் பெண்கள் போகாத வழக்கத்தால் படலையோடு தொலைபேசியை யாரோ ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு நின்றிருப்பீர்கள். நீங்கள் எப்போது அழுதீர்கள்?

அமெரிக்க அறிஞர் கெனத் டோகா, ஊர் துக்கமாகக் கணக்கில் எடுக்காத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி 1980களிலிருந்தே எழுதிவந்தவர். இரத்த உறவு இல்லாதவருக்கு அழும் உரிமையைச் சுற்றியுள்ளவர்கள் கொடுப்பதில்லை. அழாத அழுகை வேறு ஏதாவது பெயரில் வெளியே வரும். உங்களுக்கு அது தோழிமேல் மனத்தாங்கலாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். கல்வெட்டில் பெயர் இல்லாதது உங்களை இவ்வளவு சுட்டதும் அதனால்தான். கல்வெட்டு விடயத்தில் தோழியைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த நாட்களில் அதைப் பார்த்துப் பிழை திருத்தும் நிலையில் அவள் இருந்திருக்க மாட்டாள். அங்கே அச்சகத்துக்குப் போய்வந்த யாரோ ஓர் ஆண் உறவினரின் கைவேலை அது.

சரி, அடுத்தது தை மாதம். கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், வைத்தியசாலையில் கிடந்திருக்கிறீர்கள், 30 வருடத்துக்கு மேற்பட்ட தோழியிடம் சொல்லவில்லை. 'அவளுக்கு ஏன் இன்னொரு கவலை' என்பது கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் அதன் அடியில் 'அவளாகக் கேட்டால்தானே சொல்வேன்' என்ற ஒரு வீம்பும் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உடம்பில் நடந்தது அவளுக்குத் தெரியாது. பிறகு, உங்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்து, முகத்தைக் கண்டு, 'என்னடி ஒரு மாதிரி இருக்கிறாய்' என்று கேட்கும் வசதி அவளுக்கு 2001ஓடு முடிந்துவிட்டது. அவளும் அங்கே என்னென்னவெல்லாம் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாளோ. நோயாளிக் கணவர், வேலை, வீட்டுக்கடன், மாதவிடாய் நிற்கும் வயது. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்நியராகிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஒதுங்கிக்கொள்ளும் யோசனையை விடுங்கள். அதில் மரியாதை எதுவும் மிஞ்சாது. அவளுக்கு ஒன்றும் விளங்காது, உங்களுக்கு ஒன்றும் தீராது. 'நானா முதலில் எடுக்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். ஆம், நீங்கள்தான். நீங்கள் செய்தது பிழை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போதைக்கு உங்களுக்குத்தான் நிலைமை கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. பெகி லியு என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். வலிந்து நலம் விசாரிப்பவர்கள், அது மற்றவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைக் குறைத்தே மதிக்கிறார்கள். எதிர்பாராமல் வந்த விசாரிப்பு என்றால் பெறுபவரின் மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

முதலில் எழுதி அனுப்புங்கள். நீட்ட வேண்டாம். கல்வெட்டு, ஹோட்டல், கைகூப்பும் படம் இவை ஒன்றும் அதில் வர வேண்டாம். என்ன எழுதுவது என்று தடுமாறுவீர்கள் என்பதால் ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

'நீ அனுப்பிய காசைச் சித்தப்பாவிடம் கொடுத்தது உன்மேல் கோபத்தில் அல்ல. மாமியைப் பார்த்ததற்குக் கூலி வாங்கினமாதிரி ஆகிவிடுமே என்று எனக்குத் தாங்கவில்லை. உன்னிடமே நேரில் சொல்லியிருக்க வேண்டும். மாமி இல்லாமல் எனக்கும் பின்னேரங்களில் ஒரு மாதிரி இருக்கிறது. தையில் எனக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது, இப்போது சுகம், உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு நாள் நேரம் வைத்துப் பேசுவோமா? ஞாயிறு காலை எனக்கு வசதி.'

கடைசி வரி முக்கியம். 'நேரம் கிடைக்கும்போது எடு' என்று எழுதினால் அந்த நேரம் ஒருநாளும் கிடைக்காது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது கணக்குத் தப்பிவிடும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஞாயிறு காலை ஆறரை அவளுக்குச் சனி இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. அங்கே பிள்ளைகளின் வகுப்புகளும் வேலையும் முடிந்த நேரம், இங்கே வீட்டார் எழும்பாத நேரம். தேநீரோடு கிணற்றடியில் இருந்து பேசலாம். கிழமைக்கு ஒருமுறை என்று ஆரம்பத்திலேயே வீராப்பாகத் தொடங்க வேண்டாம். மாதத்தில் முதல் ஞாயிறு என்று வைத்தாலே போதும், ஆனால் அது தவறக்கூடாது.

குரலில் பேசுங்கள். காணொளி வேண்டியதில்லை. உங்கள் இருவருக்கும் அந்தத் திரை இப்போதைக்குச் செத்தவீட்டை நினைவுபடுத்தும். குரல்பதிவுகளை மாறி மாறி அனுப்புவதும் பேச்சாகாது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் தொடர்பில்லாத பழைய நண்பரோடு சிலரைத் தொலைபேசியிலும் சிலரை மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளச் செய்தார்கள். தொலைபேசி என்றால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பங்குபற்றியவர்கள் முன்கூட்டியே நினைத்தார்கள். பேசிப் பார்த்தபோது சங்கடம் கூடவில்லை, நெருக்கம் கூடியது. அறியாதவரோடு பேச அல்ல, அறிந்தவரோடு பேசத்தான் நாம் இப்போதெல்லாம் இவ்வளவு பயப்படுகிறோம்.

இனி ஆவணி. ஹோட்டல் விடயத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள். இருதய சத்திரசிகிச்சை செய்தவரோடு, வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறாள். அறையோடு சேர்ந்த குளியலறையும் குளிரூட்டியும் வேண்டும். அவ்வளவுதான்.

பத்து நாள் என்பதுதான் யோசிக்க வேண்டியது. அந்தப் பத்து நாளையும் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் நேரம் மாறிய களைப்பு, பிள்ளைகளுக்கு நுளம்புக்கடி, யாராவது ஒருவருக்கு வயிற்றுக் குழப்பம். திவசத்துக்கு ஒரு நாள், அதற்கு முதல் நாள் சாமான் வாங்கல். காணி அலுவல் என்றால் நொத்தாரிசு, நில அளவையாளர், வங்கி. ஒருவர் இருந்தால் மற்றவர் இருக்கமாட்டார். புருசன் பக்கத்து உறவு சாவகச்சேரியில், பருத்தித்துறையில். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டை விட்டால் அடுத்த பத்து வருடத்துக்குக் கதை. இதற்குள் நல்லூர்த் திருவிழா. ஆடி அமாவாசையை அடுத்த ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடப்பதால், கனடாவின் பள்ளி விடுமுறையும் திருவிழாவும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வீதியில் ஒருவரையொருவர் சந்தித்து 'எப்போது வந்தீர்கள், எப்போது போகிறீர்கள்' என்று கேட்டே நாள் போய்விடும். நட்பு கொண்டாட இதைவிட மோசமான காலம் வருடத்தில் கிடையாது என்பேன். முருகன் பொறுத்துக்கொள்வார்.

இதற்குள் உங்களுக்கு மிச்ச நேரம்தான் வரும். மிச்ச நேரத்துக்காகக் காத்திருந்து, கோழி அடித்து, கூழ் காய்ச்சி வைத்து, அவள் வாசலில் வான் நிற்க வந்து, பிள்ளைகள் உள்ளே வராமல், அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போனால், அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் அடுத்த நாலு வருடத்துக்கு மனம் நோகப்போகிறீர்கள். ஆகவே சமைக்காதீர்கள். வீட்டுக்குக் கூப்பிடும் சம்பிரதாயத்தை ஒரு தேநீரோடு முடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, அவள் விமானச் சீட்டு எடுத்துவிட்டதால் இப்போதே கேளுங்கள்: 'உன் பத்து நாளில் எனக்கு ஒரு முழுப் பகல் வேண்டும், நீயும் நானும் மட்டும்.' தோழியிடம் நேரம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நொத்தாரிசுவே நேரம் குறித்துத்தானே வரச்சொல்கிறார்.

என்னைக் கேட்டால் இன்னொரு வழியும் சொல்வேன். அவர்கள் திரும்பிப் போகும் நாளில் கட்டுநாயக்கா வரை அதே வானில் நீங்களும் போங்கள். அழைத்துவரப் போவதைவிட வழியனுப்பப் போவது நல்லது. வரும்போது அவள் களைப்பில் தூங்கிவிடுவாள், மனதில் அலுவல்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். போகும்போது எல்லாம் முடிந்திருக்கும். கணவர் சாரதிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பின்னால் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, நீங்கள் இருவரும் நடு இருக்கையில். ஏழெட்டு மணித்தியாலப் பயணம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால், வவுனியா தாண்டும்போது மடி நிறையக் கோதும், சொல்லாமல் வைத்திருந்த பாதிக் கதையும் வெளியே வந்திருக்கும். முகத்தைப் பாராமல் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் நிற்பது சுலபமாக வரும். இது ஆலோசனை அறையிலும் நாங்கள் காண்பதுதான். பிறகு நீங்கள் இரவு பஸ்ஸில் திரும்பிவிடலாம். அலுவலகத்தில் லீவு எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள். ஆனால் சத்திரசிகிச்சை நடந்த உடம்பு என்பதால், இவ்வளவு தூரப் பயணம் போகலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

வீடு விற்பதைப் பற்றி ஒன்று. விற்காதே என்று சொல்லிவிடாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றுவதும், வளவு துப்புரவாக்குவதும், யாராவது வேலியை நகர்த்தினால் ஓடிவருவதும் ரொறன்ரோவில் இருந்துகொண்டு முடிகிற காரியம் இல்லை. ஆனால் வீட்டை ஒதுக்கும் நாளில் நானும் நிற்கிறேன் என்று கேளுங்கள். அவளுக்கு அது உதவி, உங்களுக்கு அது அந்தியேட்டி. மாமியின் சாமான்களில் ஏதாவது ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். மூக்குப்பேணியோ, பூசைத்தட்டோ, மாமி இருந்த கதிரையோ. பணமாக அவள் தந்ததை உங்களால் வாங்க முடியவில்லை. இதை வாங்க முடியும். அவளுக்கும் கொடுக்க ஏதோ ஒன்று கிடைத்ததாக இருக்கும். பலரையும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், கொடுப்பதற்கு இடம் விடாத நட்பு மற்றவரை மூச்சுத் திணறச் செய்துவிடும். நீங்கள் ஆண்டாண்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

'இனி ஏன் வருவாள்' என்ற கேள்விக்கு வருகிறேன். அடிக்கடி வர மாட்டாள். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தாய் இருந்தபோது வந்ததுபோல இனி வர மாட்டாள், விமானச் சீட்டுக்குக் கொடுக்கும் காசை வேறு ஊர் பார்க்கச் செலவழிக்கலாமே என்று பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் நீங்கள் சந்திக்க யாழ்ப்பாணம்தான் வேண்டுமா? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். கனடாத் தமிழர்கள் கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்கு வருவது வழமை. அவளுடைய வீட்டில் அப்படி ஒன்று வரும்போது நீங்களும் போய்ச் சேரலாம். சிதம்பரத்தில் இரண்டு நாள் தங்கலாம். உறவுக்காரர் இல்லாத ஊரில், யாருக்கும் முகம் காட்ட வேண்டிய கடமை இல்லாமல் இருக்கும் இரண்டு நாள், நல்லூர் வீதியில் கிடைக்கும் பத்து நாளுக்குச் சமம். உடனே நடக்காது. நாலு வருடம் கழித்து நடந்தாலும் சரி. இப்போதே வாய்ச்சொல்லாகவாவது போட்டு வையுங்கள்.

காணாமலே நட்பு வளரும் என்பதற்கு மேடைப் பேச்சாளர்கள் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கூப்பிடுவார்கள். வடக்கிருந்த சோழன், அவர் வருவார், பக்கத்தில் அவருக்கு இடம் விடுங்கள் என்று சொன்னதையும், அவர் உண்மையிலேயே நடந்து வந்து சேர்ந்ததையும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. உங்களுக்குத் தேவை அந்தப் பாதிதான்.

எழுதியும் அவள் பதில் போடாவிட்டால்? ஒரு மாதம் விடுங்கள். மாமியின் மாதத் திதியை ஒட்டி, 'அன்றைக்கு நானும் விளக்கு வைக்கிறேன்' என்று ஒரு வரி போடுங்கள். அதற்கும் கைகூப்பும் படம்தான் வந்தால், அவள் வரும்போது திவசத்துக்குப் போங்கள், மாமிக்காகப் போங்கள். அங்கே எதையும் கிளறாதீர்கள். அவளுடைய துக்கம் உங்களுடையதைவிட மெதுவாக நகரலாம். சென்ற ஆவணியில் தொலைபேசியில் பார்த்ததை இந்த ஆவணியில்தான் அவள் முதல்முறை நேரில் பார்க்கப்போகிறாள். வெற்று வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் கூப்பிடு தூரத்தில் நின்றால் போதும்.

இதற்கிடையில் உங்கள் துக்கத்துக்கென்று ஒருவரிடம் பேசுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம், கட்டணம் இல்லை. போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தூக்கம், பசி, மனநிலை ஏதாவது மாறியிருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தோழியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

மகள்மாரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களை விட்டுவிடுங்கள். 'நாங்கள் இருந்தமாதிரி இருங்கள்' என்று இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒரு அறைக்குள் இருத்தினால் இரண்டும் தொலைபேசியைத்தான் பார்க்கும். அவர்கள் ஒரே வாங்கில் இருந்து படிக்கவில்லை, ஒன்றாக இடம்பெயரவில்லை, ஒருவருக்கு மற்றவரின் பாசை முழுதாக வராது. வேண்டுமானால் உங்கள் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: வந்த பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கட்டும். பிடித்துப்போனால் அடுத்த நாளும் போவார்கள், பிடிக்காவிட்டால் ஐஸ்கிரீமோடு முடியட்டும்.